மூன்று அங்குலக் குழாய்

ஹூஸ்டன்
29 மே 2000

எஃப்ரயின்,

முதலில் இதைப் படி. அம்மா உயிரோடு இருக்கிறாள். நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் கப்பலில் உனக்குக் கொடுக்கிற பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷம் நான் அழுதிருப்பேன். அதனால்தான் கடிதம்.

பதினேழாம் தேதி, புதன்கிழமை, டயாலிசிஸ் நாள். விடியற்காலையிலிருந்து மழை. ஸ்கூல் பஸ்ஸின் காலை டிரிப்பை முடித்துவிட்டு, வழக்கம்போலப் பத்து மணிக்கு அம்மாவை உன் சிவிக் காரில் ஏற்றினேன். ரயில் பாதைக்குக் கீழே போகிற சப்வேயில் தண்ணீர் நின்றது. நான் இறங்கவில்லை. ஓரமாக நிறுத்திக் கால் மணி நேரம் காத்திருந்தேன். ஒரு பிக்கப் போனது. பிறகு நம்முடையதைப் போலவே சின்ன கார், ஒரு கிழவி ஓட்டினாள், பாதிச் சக்கரத் தண்ணீரில் போய் அந்தப் பக்கம் ஏறிவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் முதல் கியரில், நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற நிதானத்தில் இறங்கினேன்.

சரியாக நடுவில், இரும்பு கல்லை விழுங்கியதுபோல ஒரு சத்தம். எஞ்சின் நின்றுவிட்டது. இருமவில்லை, திணறவில்லை, ஒரே நொடியில் நின்றது. சாவியைத் திருப்பினால் 'டக்'. அவ்வளவுதான்.

மழை இன்னும் வலுத்தது. கால் நனைந்தது, பிறகு சீட் நனைந்தது. அப்போது அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "எஃப்ரயின் வண்டில தண்ணி ஏறுதே, அவன் வந்து கத்துவான்" என்றாள். பத்து நிமிஷத்தில் தண்ணீர் ஜன்னல் விளிம்புக்கு வந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. பின்னால் வந்த குப்பை வண்டியிலிருந்து இரண்டு ஆட்கள் குதித்து வந்து அம்மாவை ஜன்னல் வழியாக இழுத்தார்கள். இடது கையைப் பிடித்து இழுத்தார்கள். டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாயை இணைத்து வைத்திருந்த கை. "அந்தக் கை வேணாம்" என்று நான் கத்தியது மழையில் யாருக்கும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இல்லையென்றால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அந்தக் கையில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. டயாலிசிஸ் நிலையத்திலும் தண்ணீர், மறுநாளும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை அவளால் படுக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது. நுரையீரலில் நீர். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. இப்போது கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள்.

டெப்போவில் என்னை ரூட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெள்ளத்தில் வண்டியை இறக்கியவளிடம் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பது என்று விசாரிக்கிறார்கள். அதுவரை பஸ் கழுவுகிறேன்.

கார் மெக்கானிக் நாச்சோவின் கொட்டகையில் இருக்கிறது. பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கிழவியின் கார் போனது, நம்முடையது ஏன் நின்றது என்று எனக்கு விளங்கவே இல்லை.

அம்மாவுக்கு ஒரு வரி எழுது. தினமும் கேட்கிறாள்.

யெசேனியா


கப்பலிலிருந்து
16 ஜூன்

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. முதல் வரியைப் படித்த பிறகுதான் எனக்கு உட்காரத் தோன்றியது. கழுத்துக் குழாய் தற்காலிகம்தானே? அம்மாவுக்குத் தனியாக எழுதி இதே உறையில் வைத்திருக்கிறேன். அவள் கண்தான் மங்கிவிட்டதே, நீயே படித்துக் காட்டு.

கோபப்படாதே, ஒன்று கேட்கிறேன். தண்ணீரில் ஏன் இறங்கினாய்? நீ ஓட்டுவது பஸ். அதன் படிக்கட்டே சிவிக்கின் ஜன்னல் உயரம். அந்த உயரத்திலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு எல்லாத் தண்ணீரும் குட்டைதான். கிழவி தப்பித்தாள் என்றால் அது அவள் அதிர்ஷ்டம். தண்ணீரில் விட்டால் எந்தக் காரும் நிற்கும்.

நாச்சோவிடம் இதைச் சொல்: நாலு பிளக்கையும் கழற்றட்டும், சாவியைப் போட்டு எஞ்சினைச் சும்மா சுற்றவிடட்டும், உள்ளே இருக்கிற தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்துவிடும். எண்ணெயை இரண்டு தடவை மாற்ற வேண்டும். பிறகு ஓடும்.

இன்னொன்று. முன்பக்கம் நான் வைத்திருக்கிற காற்றுக்குழாயை அவன் தொடக்கூடாது. கழற்றிவிட்டு, கம்பெனி உயரத்தில் வைத்திருந்த பழைய ஏர் பாக்ஸை மாட்டுகிறேன் என்று கிளம்புவான், விடாதே. அது நான் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து செய்தது. வீட்டுக் கழிவுநீருக்குப் போடுகிற மூன்று அங்குல பிவிசி பைப்தான், நீயே கேலி செய்தாய். ஆனால் அந்த எல்போவை வளைவு குறைவாகக் கிடைக்கிற வரை நாலு கடை ஏறினேன். உள்பக்கம் பிசிறே இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சென்சாருக்கு ஓட்டை, எண்ணெய் ஆவிக் குழாய்க்கு ஓட்டை, இரண்டையும் அளந்து போட்டேன். பானெட்டுக்குள் இருக்கிற காற்று சூடு, அக்கா. எஞ்சின் தன் மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். குழாயைக் கீழே இறக்கி பம்பருக்குள் ஃபில்டரை வைத்தால் வெளிக்காற்று குளிர்ச்சியாகப் போகும். குளிர்ந்த காற்றில் வண்டிக்கு ஒரு தெம்பு வரும். நாலாயிரம் சுற்றுக்கு மேலே அது உறுமுகிறதே, கேட்டிருப்பாய்.

நவம்பரில் வந்து நானே சுத்தம் செய்துகொள்கிறேன். இங்கே இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தக் கையெழுத்துக் கேட்கிறார்கள். யோசிக்கிறேன்.

எஃப்ரயின்


ஹூஸ்டன்
5 ஜூலை

எஃப்ரயின்,

உன் கடிதத்தில் அம்மா எத்தனை வரி, குழாய் எத்தனை வரி என்று நீயே எடுத்துப் பார். நான் பார்த்துவிட்டேன்.

அம்மாவுக்கு நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஓஃபெலியா சித்தியும் உட்கார்ந்திருந்தாள். "அம்மா, நீ பயப்படாதே. அக்கா அவசரப்பட்டுத் தண்ணீரில் இறக்காமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது." ஒரு சொல்லை விடாமல் படித்தேன். என்னைப் பற்றி நீ எழுதியதை என் வாயாலேயே, என் குரலிலேயே. அம்மா தலையை ஆட்டி, "அவனுக்கு எஞ்சினப் பத்தித் தெரியும்" என்றாள். சித்தி திரும்பி என்னைப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் மூன்று பேர் என்னிடம் வந்து, தண்ணீர் நின்றால் திரும்பிவிட வேண்டும் என்று புத்தி சொன்னார்கள். பதினோரு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், ஒரு கண்ணாடி கீறியதில்லை.

இப்போது நாச்சோ பிரித்ததைச் சொல்கிறேன். பிளக்கைக் கழற்றி நீ சொன்னபடி சுற்றப் பார்த்தான். சுற்றவில்லை. பம்பரைக் கழற்றினான். உன் ஃபில்டர் சேற்றில் ஊறிய கோழிபோலத் தொங்கியது. உன் பைப்பைச் சாய்த்ததும் தண்ணீர் கொட்டியது. எஞ்சினைத் திறந்தால் பிஸ்டனைத் தள்ளுகிற தண்டு, ஒரு கனெக்டிங் ராட், வாழைப்பழம்போல வளைந்து, பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கிறது. ஃபில்டர் இருந்த இடத்தை அவன் கையால் அளந்து காட்டினான். தரையிலிருந்து ஒரு சாண்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மூச்சு விடுற மூக்க கொண்டுபோய் ரோட்டுல வச்சா அது தண்ணியத்தான் குடிக்கும். காத்த நசுக்கலாம், தண்ணிய நசுக்க முடியாது. அதான் ராடு வளஞ்சுடுச்சு. பழைய டப்பா இருந்திருந்தா நீ அந்தக் கிழவி பின்னாடியே போயிருப்ப, யெசேனியா." பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "நான் அவன்கிட்ட மூணு தடவ சொன்னேன்" என்றான்.

கப்பலுக்குக் கிளம்புமுன் பழைய ஏர் பாக்ஸை மாட்டிவிட்டுப் போ, உன் அக்கா அதில்தான் அம்மாவை அழைத்துப்போகிறாள், இது ஹூஸ்டன் மழை என்று சொன்னானாம். கிளம்பிய ஞாயிறு காலையில் நீ அவன் வாசலில் நின்று, "மாத்திட்டேன் நாச்சோ" என்றாயாம்.

எனக்கு விளக்கம் வேண்டாம். தெரிந்திருந்ததா, இல்லையா? ஒரு சொல் போதும்.

யெசேனியா


கப்பலிலிருந்து
23 ஜூலை

அக்கா,

நாச்சோவுக்கு அறுபது வயது ஆகப்போகிறது. யாரிடம் என்ன சொன்னோம் என்று அவனுக்கே நினைவில்லை. கார்புரேட்டர் காலத்தோடு அவன் படிப்பு முடிந்துவிட்டது. பிளாஸ்டிக் பைப்பைப் பார்த்தாலே ஆகாது. அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு நீ எனக்கு நீதிபதி ஆகிறாய். ஏதோ சொன்னான், இல்லையென்று சொல்லவில்லை. வாசலில் நின்று போகிற வருகிறவனுக்கெல்லாம் ஏதாவது சொல்வான்.

எப்போதும் இதுதான். நம் வீட்டில் எது உடைந்தாலும் முதலில் என் பக்கம் திரும்புவாய். அப்பா எல்லை தாண்டி மான்டெர்ரே போய்த் திரும்பாமல் விட்டபோது எனக்கு ஒன்பது வயது. அன்றையிலிருந்து நீ எனக்கு அக்காவாக இருந்ததே இல்லை. மேஸ்திரியாக இருந்தாய். ரிப்போர்ட் கார்டு எங்கே, ஷூ ஏன் இங்கே, காரில் பாட்டில் மூடி ஏன் கிடக்கிறது. அந்தக் கார் என்னுடையது. நான் வாங்கியது, நான் பெயிண்ட் அடித்தது. போகும்போது சாவியை உன் கையில் கொடுத்தேன். நீயாகக் கேட்கவில்லை, நானாகக் கொடுத்தேன். அதை யாரும் சொல்வதில்லை.

என் வாழ்க்கையில் என் கையால் முழுசாக முடித்த பொருள் அந்தக் குழாய் ஒன்றுதான். இரண்டு சனிக்கிழமை நம் வீட்டுக் கொட்டகையில் கிடந்தேன். ஒரு தடவை நீ எட்டிப் பார்த்தாய். என்ன கேட்டாய்? "சாக்கடைக் குழாயா?" என்று கேட்டுவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாய்.

இங்கே எஞ்சின் அறையில் வெயில் இல்லாமலேயே நாற்பத்தைந்து டிகிரி. பன்னிரண்டு மணி நேரம் பம்ப் பார்த்துவிட்டு வந்து உன் கடிதத்தைப் படித்தால் தூக்கம் வரவில்லை. கேள்வி கேட்கிற தொனியை மாற்றிக்கொண்டால் பதில் எழுதுகிறேன்.

எ.


ஹூஸ்டன்
11 ஆகஸ்ட்

எஃப்ரயின்,

அம்மாவுக்குப் போர்வை தேடும்போது உன் அலமாரியைத் திறந்தேன். பூட்ஸுக்குப் பின்னால், துண்டில் சுற்றி, பழைய ஏர் பாக்ஸ். அதோடு ஒரு பிளாஸ்டிக் பையில் நாலு திருகாணி. பையின் மேல் வெள்ளை டேப் ஒட்டி, உன் கோணல் கையெழுத்தில் எழுதியிருக்கிறாய்:

"ஜூனுக்கு முன்னால் மாட்ட வேண்டும். மழை."

நாச்சோவுக்கு நினைவு தப்பியிருக்கலாம். இந்த டேப்புக்குத் தப்பவில்லை.

தொனியை மாற்றிக்கொண்டேன். இப்போது பதில் எழுது.

யெசேனியா


கப்பலிலிருந்து
30 ஆகஸ்ட்

அக்கா,

தெரியும்.

இந்த ஒரு சொல்லோடு உறையை ஒட்டிவிடப் பார்த்தேன். முடியவில்லை. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

நான் போகிற கார் கிளப்பில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மழை பெய்கிற ஊரில் ஃபில்டரை அவ்வளவு கீழே வைக்கக்கூடாது. வைத்தால் நடுவில், தண்ணீரை உறிஞ்சவிடாத ஒரு வால்வு போட வேண்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் கழற்றிவிட வேண்டும். எனக்கு வால்வு பிடிக்கவில்லை, சத்தத்தைக் குறைத்துவிடும். கழற்றிவிடலாம் என்றுதான் டேப்பில் எழுதினேன். மார்ச் கடைசியில் கிளம்ப வேண்டும், புயல் பருவம் ஜூனில் ஆரம்பிக்கிறது, கிளம்புமுன் மாட்டிவிடலாம் என்பது கணக்கு.

கடைசிச் சனிக்கிழமை காலையில் ஜாக் போட்டு வண்டியைத் தூக்கினேன். பம்பரில் இரண்டு போல்ட்டையும் கழற்றிவிட்டேன். அப்போது கிளப்பிலிருந்து பேட்டோவும் அவன் தம்பியும் வந்தார்கள். பேடவுனில் பந்தயத் தடம் திறந்திருக்கிறது, போவதற்கு முன் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்க வேண்டாமா என்றார்கள். போல்ட்டைத் திரும்ப முறுக்கிக்கொண்டு போனேன். கால் மைல், பதினைந்து விநாடிக்குக் கீழே ஒரே ஒரு தடவை வந்தது. நேரம் அச்சடித்த அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. வீடு திரும்பியபோது நீ எனக்காகச் சோளமாவுத் தமாலே வேகவைத்துக்கொண்டிருந்தாய். மறுநாள் காலையில் நாச்சோ கேட்டபோது வாய் தானாக "மாத்திட்டேன்" என்றது.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் உனக்கு மூன்று கடிதம் போட்டேன். ஏதாவது ஒன்றில் ஒரே வரி எழுதியிருக்கலாம்: தண்ணீரில் இறக்காதே, நாச்சோவிடம் சொல்லி மாற்றிவிடு. ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். எழுதினால் அவன் பைப்பை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிடுவான் என்றுதான் எழுதவில்லை. ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தள்ளிப்போட்டேன். நான் பைப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், அக்கா.

உன் முதல் கடிதத்தில் 'இரும்பு கல்லை விழுங்கியதுபோல' என்று படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகும்தான் பிளக்கைக் கழற்று என்று எழுதினேன். அதற்குப் பிறகும்தான் அம்மாவுக்கு உன்னைப் பற்றி எழுதினேன். இங்கே என் வேலையே கடல் தண்ணீர் எஞ்சினுக்குள் வராமல் பார்ப்பது. தினம் முப்பத்தாறு வால்வைத் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். போடும்போதெல்லாம் கை கூசுகிறது.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நீ படித்துக் காட்டாதே. போன தடவை உன்னைப் படிக்கவைத்தது தெரியாமல் நடந்ததில்லை. யார் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன். இதைச் சித்தி படிக்கட்டும். டெப்போவுக்குக் காட்ட வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தையும் காட்டு.

எஃப்ரயின்


ஹூஸ்டன்
20 செப்டம்பர்

எஃப்ரயின்,

உன் கடிதம் டெப்போவுக்குத் தேவைப்படவில்லை. அது வருவதற்கு மூன்று வாரம் முன்பே வளைந்த ராடை ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேற்பார்வையாளர் மேஜையில் வைத்துவிட்டேன். நாச்சோ கூட வந்தான், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. அவன் விளக்கி முடிக்குமுன்பே அந்த ஆளுக்குப் புரிந்துவிட்டது, அவரும் பழைய மெக்கானிக். பள்ளி திறந்த அன்று என் ரூட் எனக்குத் திரும்பியது.

அம்மாவுக்கு நீ எழுதியதை ஞாயிற்றுக்கிழமை சித்தி படித்தாள். நான் அடுக்களை வாசலில் நின்றுகொண்டேன். டேப், சனிக்கிழமைப் பந்தயம், நாச்சோவிடம் சொன்ன பொய், எல்லாம். நன்றாகத்தான் எழுதியிருந்தாய், ஒளிக்கவில்லை. "அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா" என்ற இடத்தைச் சித்தி இரண்டு தடவை படித்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன்.

"புள்ள கப்பலுக்குக் கெளம்புற அவசரத்துல மறந்துட்டான்" என்றாள். "மே மாசத்துல மழ வரும்னு யாரு கண்டா?"

நான் அடுக்களை வாசலை விட்டு உள்ளே வந்தேன். "நாலு மாசமா என்னைச் சொன்னியேம்மா" என்றேன்.

"நீதானே ஓட்டுன" என்றாள்.

சித்தி கடிதத்தை மடித்து வைத்தாள். நான் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன். விபத்தில் நசுங்கிய ஒரு வண்டியிலிருந்து நாச்சோ வேறு எஞ்சின் எடுத்து அதில் பொருத்தியிருக்கிறான். பழைய ஏர் பாக்ஸை அந்த நாலு திருகாணியைப் போட்டு நானே முறுக்கினேன், பத்து நிமிஷம் ஆனது. பத்தே நிமிஷம், எஃப்ரயின். அங்கே உட்கார்ந்துதான் யோசித்தேன்.

உன்மேல் எனக்கு இருந்த கோபம் குறையவில்லை. நீ ஒப்புக்கொண்டதால் குறையும் என்று நினைத்தேன், இல்லை. நான் செய்யாததைச் செய்ததாக நாலு மாதம் இந்த வீடு நம்பியது, ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லை. நீ செய்ததாக நீயே எழுதியும் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. நான் செய்தால் தப்பு, நீ செய்தால் மழை. இது நீ போட்ட பழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருஷம் அந்த நிழலில் சுகமாகக் கால் நீட்டியவன் நீதான். நான் உனக்கு மேஸ்திரியாக இருந்தேன் என்று எழுதினாய். அப்பா போனபோது எனக்குப் பதினெட்டு வயது. மேஸ்திரி வேலையை நான் கேட்டு வாங்கவில்லை.

அம்மாவை விட்டுவிட மாட்டேன், பயப்படாதே. ஆனால் நவம்பர் பதினைந்தாம் தேதியிலிருந்து டெப்போவுக்குப் பக்கத்தில் ஒரு அறை பேசியிருக்கிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். டயாலிசிஸுக்கு யார் என்னை அழைத்துப்போவார்கள் என்று கேட்டாள். எஃப்ரயின் என்றேன். அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே, திங்கள், புதன், வெள்ளி உன்னுடையது. அவள் இரவில் எழுந்து தண்ணீர் கேட்பாள், அளந்துதான் கொடுக்க வேண்டும், திட்டுவாள். வாழைப்பழம், ஆரஞ்சுச் சாறு கூடாது, ஒளித்து வைத்துச் சாப்பிடுவாள். கழுத்துக் குழாயில் நனையாமல் குளிப்பாட்டச் சித்தி வருவாள், நீ வெந்நீர் போட்டு வைத்தால் போதும். நாலு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். முடிந்து வரும்போது களைப்பில் எரிந்து விழுவாள். உன்மேல் விழுவாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

இரண்டு வருஷக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, கப்பல் விடவில்லை என்று எழுதாதே. மன்னிப்புக் கேட்டும் எழுதாதே, அதைப் படிக்க எனக்கு நேரமில்லை. வந்து சாவியை வாங்கிக்கொள்.

யெசேனியா